சாவி கொடுத்த நாள்

ஸ்பெயினுக்குப் போகிற உத்தேசம் இருந்தால் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 2-ம் தேதி மட்டும் கிரனாடாவில் போய் இறங்காதீர்கள். இறங்கினால், பல் விளக்க ஒரு பேஸ்ட்கூட வாங்க முடியாது.

நான் இறங்கினேன். விஷயம் தெரியாமல்தான். மலகாவில் பஸ் பிடித்து முதல் தேதி ராத்திரி போய்ச் சேர்ந்தேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு மஃப்ளர் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தபடி படுத்தேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். முதுகுக்குப் பின்னால் சியெரா நெவாடா மலை, தலை நிறையப் பனியோடு. ஆண்டலூசியா என்றால் வெயில் என்று யாரோ சொன்னதை நம்பி, மெல்லிசாக ஒரு ஸ்வெட்டரோடு போயிருந்தேன். புத்தி.

காலையில் தெருவுக்கு வந்தால் அத்தனை ஷட்டரும் இறங்கியிருக்கிறது. நேற்று புத்தாண்டு, சரி. இன்றைக்கு என்ன?

விடுதியை நடத்துகிற வயதான அம்மாளிடம் கேட்டேன். சுருக்கமாகப் பதில் சொன்னார். 'லா தோமா.'

தோமா என்றால் எடுத்துக்கொள்வது. பிடித்துக்கொள்வது என்றும் வைத்துக்கொள்ளலாம். கிரனாடாவைப் பிடித்த நாள். 1492-ம் வருடம் ஜனவரி 2-ம் தேதி, ஸ்பெயினில் மிச்சமிருந்த கடைசி முஸ்லிம் அரசர் தன் தலைநகரத்தின் சாவியை ஃபெர்டினாண்ட் - இஸபெல்லா தம்பதியிடம் ஒப்படைத்தார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் லீவு விடுகிறார்கள். நாடு முழுக்க அல்ல. ஸ்பெயினில் ஒவ்வொரு ஊரும் வருடத்துக்கு இரண்டு நாள் சொந்தமாக லீவு வைத்துக்கொள்ளலாம். கிரனாடா எடுத்துக்கொண்ட இரண்டில் இது ஒன்று. பக்கத்து ஊரில் அன்றைக்குச் சாதாரண வேலை நாள்.

மஃப்ளர் போனால் போகிறது என்று கூட்டம் போகிற திசையில் நானும் நடந்தேன்.

நகராட்சிக் கட்டடம் இருக்கிற கார்மென் சதுக்கத்திலிருந்து ஊர்வலம் கிளம்புகிறது. மேயர், கவுன்சிலர்கள், பழங்கால உடுப்பில் சேவகர்கள், பேண்டு வாத்தியம், ராணுவ அணிவகுப்பு. நடுவில் அரசக் கொடி. கதீட்ரலை ஒட்டினாற்போல் இருக்கும் அரச தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஃபெர்டினாண்டும் இஸபெல்லாவும் அங்கேதான் இருக்கிறார்கள். மேலே பளிங்கில் பிரமாதமான சிற்பங்கள். கீழே நிலவறையில் எட்டிப் பார்த்தால், அலங்காரம் எதுவும் இல்லாத ஈயப் பெட்டிகள். அந்தக் கல்லறைக்கு முன்னால் கொடியை வீசி மரியாதை செய்துவிட்டு, பூசை முடித்துக்கொண்டு சதுக்கத்துக்குத் திரும்புகிறார்கள்.

அப்புறம்தான் க்ளைமாக்ஸ். வழக்கமாக, இருப்பதிலேயே வயதில் சின்ன கவுன்சிலர் கொடியோடு பால்கனிக்கு வருவார். 'கிரனாடா!' என்று உரக்கக் கூப்பிடுவார். கீழே கூட்டம் மொத்தமும், 'என்ன?' என்று திருப்பிக் கேட்கும். மறுபடி 'கிரனாடா!' மறுபடி 'என்ன?' மூன்று தடவை. பிறகு ஃபெர்டினாண்ட், இஸபெல்லா பேர்களைச் சொல்லி, ஸ்பெயின் வாழ்க, ராஜா வாழ்க, கிரனாடா வாழ்க.

ஒரு பக்கம் கைதட்டல். இன்னொரு பக்கம் காது கிழியும் விசில். ஆஹா, என்ன உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். விசிலடித்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த ஊரில் விசில் என்றால் எதிர்ப்பு.

ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரத்துக்கு இன்றைக்கு ஏன் இத்தனை கோபம்? அதற்கு, அந்தச் சாவியைக் கொடுத்த மனிதரிடம் போகவேண்டும்.

*

அவர் பெயர் முகம்மது. அபு அப்துல்லா என்று கூப்பிடுவார்கள். அதை ஸ்பானியர்கள் தங்கள் நாக்கில் போட்டுப் புரட்டி, 'போவாப்தில்' ஆக்கிவிட்டார்கள். சரித்திரத்திலும் அதுவே நின்றுவிட்டது.

நஸ்ரி வம்சத்தின் கடைசி வாரிசு அவர். இந்த வம்சத்தின் கதை 1238-ல், முதலாம் முகம்மது கிரனாடாவுக்குள் நுழைந்து கோட்டை கட்ட ஆரம்பித்ததில் தொடங்குகிறது. அதே சமயத்தில் வடக்கிலிருந்து கிறிஸ்தவ அரசர்கள் ஒவ்வொரு ஊராக விழுங்கிக்கொண்டு வருகிறார்கள். கார்டோபா போய்விட்டது. வலென்சியா போய்விட்டது. முகம்மது யோசித்தார். 1246-ல் காஸ்டைல் அரசரிடம் போய், உமக்குக் கட்டுப்பட்டவன், வருடா வருடம் கப்பம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு விட்டதா? 1248-ல் காஸ்டைல் படை செவில்லைப் பிடிக்கப் போனபோது, இவரும் ஆள் அனுப்பி உதவ வேண்டியிருந்தது. பிடிபட்டது ஒரு முஸ்லிம் நகரம்.

திரும்பி வந்தவரைக் கிரனாடா மக்கள், 'வெற்றி வீரரே' என்று வாழ்த்தினார்களாம். அதற்கு அவர், இறைவனைத் தவிர வெற்றியாளன் வேறு யாருமில்லை என்றாராம். கதைதான். ஆனால், அந்த வாக்கியம் அந்த வம்சத்தின் முத்திரையாகிவிட்டது. அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போனால் பார்க்கலாம். சுவர், வளைவு, தூண் என்று எங்கே திரும்பினாலும் அதே வாக்கியம், அரபு எழுத்தில், பூவேலை மாதிரி.

நான் படித்தது பி.காம். ராஜா ராணி கதையில்கூட, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கண் போகும். அந்தக் கண்ணால் பார்த்தால், கிரனாடா என்பது தவணை கட்டிக்கொண்டே ஓடிய ஒரு ராஜ்ஜியம். தங்கமாகக் கட்டினார்கள். முடியாதபோது சண்டை போட்டார்கள். மறுபடி கட்டினார்கள். கட்டிக்கொண்டே, நடுவில் முதலாம் யூசுபும் அவர் மகன் ஐந்தாம் முகம்மதுவும் அல்ஹம்ப்ராவில் இன்றைக்கு உலகம் வாய்பிளந்து பார்க்கிற மண்டபங்களையும் சிங்க முற்றத்தையும் கட்டி முடித்தார்கள். இருநூற்றைம்பது வருடம் இப்படியே ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாமர்த்தியம்.

1469-ல் அந்தச் சாமர்த்தியத்துக்கு வேட்டு வைத்தது ஒரு கல்யாணம். காஸ்டைல் இளவரசி இஸபெல்லாவும் அரகோன் இளவரசன் ஃபெர்டினாண்டும் மணம் செய்துகொண்டார்கள். அதுவரை ஒருத்தரோடு ஒருத்தர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு கிறிஸ்தவ ராஜ்ஜியங்கள் ஒரே வீடாகிவிட்டன.

கிரனாடா அரண்மனையில் நடந்தது நேர் எதிர். போவாப்திலின் அப்பா அபுல் ஹசன், சிறைபிடித்துக்கொண்டு வந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் காதலித்து மணந்தார். மதம் மாறி ஸொராயா ஆனவள். பட்டத்து ராணி சும்மா இருப்பாளா? 1482-ல் மகனைத் தூண்டிவிட்டு அப்பாவுக்கு எதிராகக் கொடி பிடிக்க வைத்தாள். அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், நடுவில் அல் சகால் என்கிற சித்தப்பா ஒரு பக்கம். வாசலில் எதிரி. இந்த லட்சணத்தில் போவாப்தில் 1483-ல் லுசேனா என்கிற ஊரைத் தாக்கப் போய் உயிரோடு பிடிபட்டார். உமக்கு அடங்கி நடக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, சின்னக் குழந்தையாக இருந்த தன் மகனைப் பிணையாகக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

1487-ல் மலகா விழுந்தது. மூன்று மாதத்துக்கு மேல் எதிர்த்துப் பார்த்துவிட்டு, நிபந்தனை எதுவும் பேச வழியில்லாமல் சரணடைந்தது. விளைவு, ஊரே அடிமைச் சந்தைக்குப் போனது. அந்தச் செய்தி கிரனாடாவுக்கு வந்து சேராமல் இருந்திருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1491 வசந்தத்தில் கிரனாடாவைச் சுற்றி வளைத்தார்கள். ஜூலையில் முற்றுகைக்காரர்களின் முகாமில் தீப்பிடித்து கூடாரமெல்லாம் எரிந்துபோனது. போய்விடுவார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். ம்ஹூம். அதே இடத்தில் சில மாதங்களில் ஒரு நகரத்தையே கட்டிவிட்டார்கள். பெயர் சாந்தா ஃபே. இன்றைக்கும் இருக்கிறது. போனால் பியோனோனோ என்று சின்னதாக, சுருட்டிய ஒரு கேக் கிடைக்கும். விடாதீர்கள். ஊர் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட எதிரியை எப்படித் துரத்துவது? குளிர்காலம் வேறு நெருங்குகிறது. தானியம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

போவாப்தில் ஆள் அனுப்பினார். ரகசியமாகப் பேச்சுவார்த்தை. நவம்பர் 25-ம் தேதி கையெழுத்தானது.

*

அந்தப் பத்திரத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். ஊர்வலத்தில் கொடி போகிறது, வாத்தியம் போகிறது. பத்திரம் மட்டும் போவதில்லை.

ஷரத்துகள் அபாரமானவை. முஸ்லிம்கள் தங்கள் மதத்திலேயே இருக்கலாம், அவர்களும் அவர்கள் சந்ததியும், என்றென்றைக்கும். மசூதிகள் மசூதிகளாகவே இருக்கும். வழக்கு வந்தால் அவர்களுடைய காஜிகளே, அவர்களுடைய சட்டப்படி தீர்ப்பு சொல்வார்கள். சொத்து அவர்களுடையது. பழைய அரசர்களுக்குக் கட்டியதற்கு மேல் வரி கிடையாது. யாரையும் கட்டாயப்படுத்தி மதம் மாற்றக்கூடாது. கடல் தாண்டிப் போக விரும்புகிறவர்களுக்குக் கப்பல் தருகிறோம். கிரனாடாவில் பிறந்து வளர்ந்த யூதர்களுக்கும் இதே உரிமைகள்.

எனக்குப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. ஆல்பைசின் என்பது குன்றுச் சரிவில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் முஸ்லிம் குடியிருப்பு. அதன் பக்கத்திலுள்ள பழைய கோட்டைச் சுவரின் மேல் கிறிஸ்தவர்கள் யாரும் ஏறக்கூடாது, ஏறினால் தண்டனை. காரணம்? அங்கிருந்து பார்த்தால் வீடுகளின் உள்முற்றம் தெரியும். பெண்கள் புழங்குகிற இடம். ராஜ்ஜியம் கை மாறுகிற நேரத்தில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து இதை யோசித்து, பேசி, எழுத வைத்திருக்கிறார். யாரென்று தெரிந்தால் கும்பிடலாம்.

தனக்கென்றும் பேரம் பேசாமல் இல்லை போவாப்தில். 30 ஆயிரம் தங்கக் காஸ்டெல்லனோ. அந்தக் கால மரவேதி கணக்கில் 1 கோடியே 45 லட்சத்துச் சொச்சம். கூடவே அல்புஹாரா மலைப் பகுதியில் கிராமங்கள். இந்தத் தொகை பெரிதா, சின்னதா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். அடுத்த வருடம் கொலம்பஸ் கிளம்பினாரே, அந்த முதல் பயணத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 20 லட்சம் மரவேதி.

கொலம்பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரி 2-ம் தேதி அவரும் அங்கேதான் இருந்தார். ராஜா ராணியிடம் பணம் கேட்டு அலைந்துகொண்டிருந்த நேரம். அல்ஹம்ப்ரா கோபுரத்தில் அரசக் கொடி ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பயணக் குறிப்பின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். சாந்தா ஃபேயில் வைத்துத்தான் ஏப்ரல் 17-ம் தேதி அவருக்கும் ஒப்பந்தம் ஆனது. போகும்போது லூயிஸ் டி டோரஸ் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போனார். யூதராக இருந்து கிறிஸ்தவரானவர். ஹீப்ரு தெரியும், கொஞ்சம் அரபியும் தெரியும். இந்தியாவுக்கல்லவா போகிறோம், அங்கே அரபி எடுபடும் என்று கணக்கு! போய் இறங்கியது கரீபியனில். டோரஸின் அரபியைக் கேட்டு அங்கே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சாவி கொடுத்த காட்சியை நீங்கள் ஒருவேளை படமாகப் பார்த்திருக்கலாம். வெள்ளைக் குதிரையில் இஸபெல்லா, கறுப்புக் குதிரையில் சாவியோடு போவாப்தில். பிரதில்லா என்கிற ஓவியர் 1882-ல், அதாவது சம்பவம் நடந்து 390 வருடம் கழித்து வரைந்தது. ஸ்பெயின் செனட் சபையில் மாட்டியிருக்கிறார்கள். இன்னொரு காட்சி அதைவிடப் பிரபலம். ஊரை விட்டுப் போகும்போது ஒரு கணவாயில் நின்று, கடைசியாகத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் போவாப்தில். அழுதார். அம்மா சொன்னாளாம்: ஆண்பிள்ளையாகக் காப்பாற்றத் தெரியவில்லை, பெண்பிள்ளை மாதிரி அழு. அந்தக் கணவாய்க்கு 'மூரின் பெருமூச்சு' என்றே பெயர். கடற்கரைக்குப் போகிற நெடுஞ்சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள்.

அம்மா அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. பல வருடம் கழித்து ஜெயித்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட கதை. எனக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு கடுப்பு உண்டு. மலகாவுக்கு என்ன ஆனது என்று போவாப்திலுக்குத் தெரியும். சண்டை போட்டால் தோற்போம் என்பதும் தெரியும். தோற்ற பிறகு பேரம் பேச முடியாது. ஆகவே, பேரம் பேச முடிகிற கடைசி நிமிடத்தில் பேசி, கிடைத்ததிலேயே நல்ல பத்திரத்தை வாங்கிவிட்டு, ஊரை ஒரு கல்லும் பெயராமல் ஒப்படைத்தார். அல்ஹம்ப்ரா இன்றைக்கு நிற்கிறதே, அதில் அவருக்கும் பங்கு இல்லையா? பிணையாகப் போன பிள்ளை, சாவி கொடுத்த பிறகுதான் அவரிடம் திரும்பி வந்தான். கிட்டத்தட்ட எட்டரை வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடமே மனைவியைப் பறிகொடுத்தார். பிறகு மொராக்கோவில் ஃபெஸ் நகரத்துக்குப் போனவர் திரும்பவில்லை.

அவர் கவனிக்கத் தவறியது ஒன்றுதான். பத்திரத்தை மீறினால் யாரிடம் போய் வழக்குப் போடுவது?

*

முதல் மீறலுக்கு எத்தனை நாள் ஆனது தெரியுமா? 89 நாள்.

மார்ச் 31-ம் தேதி, கிரனாடாவில் வைத்தே ஃபெர்டினாண்டும் இஸபெல்லாவும் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்கள். ஜூலை முடிவதற்குள் யூதர்கள் ஞானஸ்நானம் பெறவேண்டும், இல்லையென்றால் தேசத்தை விட்டு வெளியேறவேண்டும். தங்கமும் வெள்ளியும் எடுத்துப் போகக்கூடாது. எத்தனை பேர் போனார்கள் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. நாற்பதாயிரம் என்பவர்களும் உண்டு, இரண்டு லட்சம் என்பவர்களும் உண்டு. கிரனாடா யூதர்களுக்கென்று நவம்பரில் எழுதிக் கொடுத்த ஷரத்து அதோடு போனது.

முஸ்லிம்களின் முறை வரச் சில வருடம் பிடித்தது. காரணம், தலவேரா என்கிற ஒரு நல்ல மனிதர். கிரனாடாவின் முதல் பேராயர். யூத வம்சாவளி என்பார்கள். எல்லோரும் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்பதுதான் அவருக்கும் ஆசை. ஆனால் பேசித்தான் மாற்றவேண்டும் என்பது கொள்கை. அதற்காக வயதான காலத்தில் அரபி கற்றுக்கொண்டார். பாதிரியார்களையும் கற்றுக்கொள்ளச் சொன்னார். இந்த வேகத்தில் போனால் எந்தக் காலத்தில் முடியும்?

1499-ல் சிஸ்னெரோஸ் வந்து சேர்ந்தார். டொலேடோவின் பேராயர், அரசிக்கு மிக வேண்டியவர். பரிசு கொடுத்தார், மிரட்டினார், சிறையில் போட்டார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள்மீது தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம். அந்த டிசம்பரில் ஆல்பைசின் வெடித்தது. தெருக்களை அடைத்துக்கொண்டு ஆயுதம் எடுத்துவிட்டார்கள்.

அப்போது இரண்டு பேர் செய்ததைக் கேளுங்கள். தலவேரா ஆயுதம் எதுவும் இல்லாமல், ஒரு சிலுவையோடு கூட்டத்துக்குள் நடந்து போனார். கல்லெறியப் போகிறார்கள் என்று பார்த்தால், வந்து அவர் அங்கியின் நுனியை முத்தமிட்டார்கள். பிறகு ஆளுநர் தெந்தில்லா பிரபு வந்து தன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தில் எறிந்தார், சமாதானத்துக்கு அடையாளமாக. நம்பிக்கை வரவேண்டுமென்று தன் மனைவியையும் குழந்தைகளையும் ஆல்பைசினிலேயே ஒரு வீட்டில் பிணையாகக் குடிவைத்தார். கலகம் அடங்கிவிட்டது.

ஆனால் சிஸ்னெரோஸிடம் ஒரு வாதம் இருந்தது. வக்கீல் தோற்கவேண்டும் அப்படி ஒரு வாதம். நீங்கள் கலகம் செய்துவிட்டீர்கள். ஆகவே பத்திரம் செல்லாது. ஒன்று ஞானஸ்நானம், இல்லாவிட்டால் தண்டனை. பத்திரத்தை மீறியதால்தானே கலகமே வந்தது என்று கேட்க ஆளில்லை. அல்புஹாரா மலைகளில் மூண்ட சண்டையும் நசுக்கப்பட்டது. 1501-க்குள் கிரனாடா முழுக்கக் கிறிஸ்தவர்கள், காகிதத்தில். பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபுப் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். எத்தனை என்று கேட்டால் சில ஆயிரம் என்பார் ஒருவர், பத்து லட்சம் என்பார் இன்னொருவர். மருத்துவப் புத்தகங்களை மட்டும் சிஸ்னெரோஸ் எடுத்து வைத்துக்கொண்டார். ஜுரம் யாருக்கும் வருமல்லவா? இன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் பூக்கடைகளும் ஓட்டல்களும் இருக்கின்றன. அன்றைக்கு அவையும் பெரும்பாலும் சாத்தியிருந்தன.

மாறியவர்களை மொரிஸ்கோ என்றார்கள். கிறிஸ்தவப் பேர், வீட்டில் அரபி. இன்னும் இரண்டு தலைமுறை அப்படி ஓடியது. பிறகு இரண்டாம் ஃபிலிப் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அரபி பேசக்கூடாது, எழுதக்கூடாது. அவர்கள் பாணி உடை கூடாது. முகத்தை மூடக்கூடாது. பொதுக் குளியலறைகள் இடிக்கப்படும். பழைய பேர்கள் கூடாது. அதைக் கிரனாடாவில் பறையறிவிக்கத் தேர்ந்தெடுத்த நாள், 1567 ஜனவரி 1. தோமாவுக்கு முதல் நாள்.

ஃப்ரான்ஸிஸ்கோ நூனியெஸ் மூலெய் என்கிற வயதான மொரிஸ்கோ பிரமுகர் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். சிறு வயதில் தலவேராவிடம் பணியாளாக இருந்தவர். நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். உடையில் எங்கே இருக்கிறது மதம்? ஸ்பெயினில் ஒவ்வொரு பகுதிக்காரரும் ஒரு மாதிரி உடுத்துகிறார்கள், எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே? அரபி பேசினால் முஸ்லிமா? எகிப்திலும் சிரியாவிலும் அரபி பேசுகிற கிறிஸ்தவர்கள் இல்லையா? குளியலறை, அழுக்குப் போகக் கட்டியது. தலவேரா காலத்தில் எங்கள் ஸாம்ப்ரா இசையை வாசித்துக்கொண்டே அவரோடு போவோம், அவர் தடுத்ததில்லை. அந்தக் கிழவர் கேட்டதெல்லாம், நாங்கள் நாங்களாகவே இருந்துகொண்டு உங்களில் ஒருவராக இருக்கக்கூடாதா என்பதுதான்.

மனு எடுபடவில்லை. 1568 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மலையில் புரட்சி வெடித்தது. இரண்டு பக்கமும் கொடூரங்கள். அடக்கிய பிறகு, சுமார் 80 ஆயிரம் மொரிஸ்கோக்களைக் கிரனாடாவிலிருந்து கிளப்பி, காஸ்டைல் முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். குளிரில் நடந்தே. 1609-ல் தொடங்கி 1614-க்குள் மொத்த ஸ்பெயினிலிருந்தும் வெளியேற்றம். சுமார் 3 லட்சம் பேர். பத்திரத்தின் இன்னொரு தரப்பு என்று யாரும் மிச்சமில்லை.

*

சதுக்கத்தில் கைதட்டியவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. தாத்தா காலத்திலிருந்து நடக்கிற ஊர்த் திருவிழா, இதில் யார்மீதும் வெறுப்பில்லை என்கிறார்கள். 711-ல் கடல் தாண்டி வந்து பிடித்தவர்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டோம் என்கிறார்கள். முஸ்லிம் ஆட்சி ஒன்றும் தேனும் பாலும் அல்ல என்கிறார்கள். வாஸ்தவம். இதே கிரனாடாவில் 1066-ல் முஸ்லிம் கும்பல் யூதர்களைப் படுகொலை செய்திருக்கிறது.

விசிலடித்தவர்கள் கட்சி வேறு. நம் ஊருக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் மே 26-ஐ வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். 1831-ல் அன்றைக்குத்தான் மரியானா பினேதாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றது அரசு. இருபத்தாறு வயது, விதவை. குற்றம்? வீட்டில் ஒரு கொடி இருந்தது. சுதந்திரக் கட்சியாருக்காகத் தயாரான கொடி, எம்பிராய்டரி வேலைகூட முடிந்திருக்கவில்லை. கூட்டாளிகள் பேரைச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

அவளைப் பற்றி நாடகம் எழுதியவர் கிரனாடாக்காரரான கவிஞர் லோர்கா. 1936 ஜூனில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தோமாவைப் பற்றிக் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தாலும் சரி, அது ரொம்பக் கெட்ட நேரம், ஒரு அருமையான நாகரிகத்தை, கவிதையை, வானசாஸ்திரத்தை, கட்டடக் கலையைத் தொலைத்தோம் என்கிற அர்த்தத்தில் சொன்னார். ஆகஸ்டில் ஃப்ராங்கோ தரப்பினர் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். பேட்டிக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. அவர்மீது கோபப்பட அவர்களுக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. உடல் இன்னும் கிடைக்கவில்லை.

யூதர்களை வெளியேற்றிய ஆணை இனிச் செல்லாது என்று ஸ்பெயின் 1968-ல் அறிவித்தது. 2015-ல் சட்டமே போட்டு, அன்று விரட்டப்பட்டவர்களின் வாரிசுகள் விண்ணப்பித்தால் குடியுரிமை தருகிறோம் என்றது. 2019 செப்டம்பர் வரை அந்த வாசல் திறந்திருந்தது. மொரிஸ்கோ வாரிசுகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

மத்தியானம் அல்ஹம்ப்ராவுக்கு ஏறினேன். வேலா கோபுரத்தில் ஏற நீண்ட வரிசை. பெரும்பாலும் பெண்கள். அந்தக் கோபுரத்து மணியைத் தோமா அன்றைக்கு அடித்தால், வருடம் முடிவதற்குள் கல்யாணம் நிச்சயம் என்பது ஐதீகம். அசல் உபயோகம் வேறு. கீழே சமவெளியில் வயல் வைத்திருந்தவர்களுக்கு, ராத்திரியில் யார் முறைக்கு எப்போது தண்ணீர் திறக்கவேண்டும் என்று சொன்ன மணி அது. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அசேகியா'. அரபுச் சொல். காலையில் பால்கனியில் நின்ற மேயருக்கு 'அல்கால்தே'. காஜி என்பதிலிருந்து வந்தது.

ஒரு பெண் கயிற்றை இழுத்தாள். சிநேகிதிகள் கூச்சல் போட்டார்கள். மணி நன்றாகவே கேட்டது. எதிர்க் குன்றில் ஆல்பைசின், வெள்ளை வெளேரென்று. அதன் உச்சியில், 2003-ல் திறந்த புது மசூதியின் சின்ன கோபுரம். கேமராவில் கொஞ்சம் ஜூம் செய்தேன். வீடுகளின் உள்முற்றம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு எலுமிச்சை மரம். கொடியில் துணி. யாரோ ஒரு அம்மாள் வாளியோடு நடந்து போனார்.

ஷரத்தில் சொன்ன சுவர் இதுவல்ல. அது அந்தக் குன்றிலேயே இருந்த பழைய கோட்டையுடையது. இருந்தாலும் கேமராவை மூடிவிட்டேன்.